செவலையின் முதுகு

புதிதாக வனத்துறைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சியில் உங்களுக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மரத்தில் கேமரா கட்டவும், வழக்குப் பதிவு செய்யவும் கற்றுக்கொடுத்திருப்பார்கள். சுமைக்குக் கழுதை எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிரித்துவிட்டுப் படியுங்கள், பரவாயில்லை. நானும் முதலில் சிரித்தவன்தான். ஜவ்வாது மலையில் ஃபாரஸ்ட் கார்டாகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். நம் ஜீப் நின்றுபோகிற இடத்துக்கு அந்தப் பக்கம்தான் வேட்டைக்காரன் நடமாடுகிறான். அங்கே ஐந்து நாள் முகாம் போட வேண்டுமென்றால் அரிசி, பருப்பு, தார்ப்பாய், போர்வை, தண்ணீர் கேன், மருந்துப் பெட்டி எல்லாம் மேலே போய்ச் சேர வேண்டும். பைக் ஏறாது. தலைச்சுமையாகக் கொண்டு போனால், போய்ச் சேரும்போது ஆட்கள் ரோந்து போகிற நிலையில் இருக்க மாட்டார்கள். இன்றைக்கும் கழுதைதான் வழி.

கழுதை பார்க்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குளம்பைத் தூக்கிப் பாருங்கள். இறக்கத்தில் நடத்திப் பாருங்கள். ஏற்றத்தில் எல்லாக் கழுதையும் நல்ல கழுதைதான், இறக்கத்தில்தான் எதன் கால் நிதானமானது என்று தெரியும். முதுகில் போட்டிருக்கும் சாக்கை எடுத்துவிட்டு, தோளிலிருந்து இடுப்பு வரை வெறுங்கையால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் தோல் வெடுக்கென்று சிலிர்த்தால் அங்கே வலி இருக்கிறது.

இது எல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓய்வுக்கு நான்கைந்து வருடம் இருக்கும்போது நடந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரேஞ்சர் போன் செய்தார். உள்காட்டில் நாட்டுத் துப்பாக்கியோடு நான்கு பேர் திரிவதாகத் தகவல், மான் அடித்திருக்கிறார்கள், இன்றைக்கே மேலே போய் முகாம் போடுங்கள், பத்து மணிக்குள் கிளம்பிவிட்டீர்கள் என்று நான் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்றார்.

நான் மலையடிவாரத்தில் இருக்கும் சந்தவாசலுக்கு வண்டியை விட்டேன். ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களை ஒட்டி, கன்னியம்மாவின் வீடு. ஐம்பது வயதைத் தொட்டவர். கணவர் இறந்த பிறகு தனியாளாகக் கழுதைகளை வைத்துப் பிழைத்தவர். பாதை இல்லாத மலைக் கிராமங்களுக்குச் சிமெண்டும் செங்கல்லும் ஏற்றுவார், இறங்கும்போது புளி ஏற்றிவருவார். எங்கள் முகாம்களுக்கும் அவர்தான். நான் கேட்டது நான்கு கழுதை. அவர் மூன்றுதான் தருவேன் என்றார்.

அந்த மூன்றில் ஒன்று புதிது. ஆந்திரப் பக்கம் சந்தையில் பிடித்து வந்திருந்தார். நெஞ்சு அகன்று, மயிர் பளபளவென்று, மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். ராஜா என்று பெயர் வைத்திருந்தார். எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஆனால் நாலாவதாக ஒன்று வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தது. செவலை. வயதான பெட்டை. பழைய முகாம்களுக்கு எல்லாம் வந்தது.

"அத்த ஏன் உட்ட?" என்றேன்.

"அது வாணாம் சார். முதுவு சரியில்ல."

போய் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆறிக்கொண்டிருக்கும் புண். மஞ்சள் பத்து போட்டிருந்தார். பக்கத்தில் கை வைத்ததும் தோல் சிலிர்த்தது.

"ஆறிப்போச்சே கன்னிம்மா. போர்வையும் தார்ப்பாயும் மட்டும் வெக்கிறேன். லேசான சுமை."

"லேசுன்னு உங்க கைக்குத் தெரியுது சார். புண்ணுக்கு இன்னா தெரியும்? இன்னும் பத்து நாளு போவட்டும்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ரேஞ்சர் அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். "ஆளுங்க துப்பாக்கியோட மேல கீறாங்க. நீ பத்து நாளுன்ற. இட்டுனு வா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

அவர் வேப்பமரத்தடிக்குப் போனார். அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

அவர் சம்மதித்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தப் பெண் தினமும் காட்டுப் பாதையில் போய்வர வேண்டியவர். சீருடை போட்ட ஒருவன் மனசு வைத்தால் அந்தப் பாதையை அடைக்கலாம். நான் ஒருநாளும் அப்படிச் செய்தவன் இல்லை, செய்வேன் என்று மிரட்டியதும் இல்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? என் எதிரில் நிற்கும்போது அவர் கணக்கில் அதுவும் இருந்திருக்கும் அல்லவா? இது எனக்கு உறைக்க நாளாயிற்று.

நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். நான், கன்னியம்மா, வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவர். வேடியப்பனும் லட்சுமணனும் மலை மேலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேடியப்பன் ஒல்லியான மனிதர், ஐம்பது கிலோவைத் தாண்ட மாட்டார். சாமை விதைத்துவிட்டு வந்திருந்ததால் வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். லட்சுமணன் அதிகம் பேச மாட்டார்.

போர்வை எடை குறைவுதான். ஆனால் தார்ப்பாயோடு சேர்த்துக் கட்டினால் பெரிய பொதி. செங்குத்தான ஏற்றத்தில் அது பின்னால் சரிந்து சரிந்து தேய்த்தது. இரண்டு இடத்தில் கன்னியம்மா நிறுத்திக் கட்டை இறுக்கினார். மாலையில் முகாம் இடத்தில் பொதியை இறக்கிச் சாக்கை எடுத்தபோது சாக்கில் ஈரம். புண் திறந்துகொண்டு உள்ளங்கை பாதி அளவுக்குப் போயிருந்தது. கன்னியம்மா அடுப்பை மூட்டினார். வேப்பிலையைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கழுவினார். ஈ மொய்க்காமல் இருக்கத் தன் பழைய புடவைத் துண்டை மேலே போட்டார். செவலை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் மருந்துப் பெட்டியிலிருந்து களிம்பை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சுற்றிப் பார்த்தோம். வேட்டைக்காரர்கள் அடுப்பு மூட்டிய இடம் கிடைத்தது. சாம்பலில் மழை பெய்து இறுகி, புல் முளைத்திருந்தது. அவர்கள் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பத்து மணிக்குள் கிளம்பியே ஆக வேண்டும் என்று நான் பறந்த பறப்பை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வேடியப்பன் கேனை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போனார். சற்று நேரத்தில் அவர் அலறல் கேட்டது. குட்டியோடு வந்த கரடி. நாங்கள் தட்டையும் குண்டானையும் அடித்துக்கொண்டு கத்தியபடி ஓடினோம். அது அவரை விட்டுவிட்டுப் புதருக்குள் போயிற்று. தொடையில் சதை கிழிந்து தொங்கியது. தலையில் ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. நினைவு இருந்தது. "கேன் ஒடஞ்சிபோச்சி சார்" என்றார்.

தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டினோம். வாக்கி டாக்கியில் ரேஞ்ச் ஆபீஸ் கிடைத்தது. ஆம்புலன்ஸை மலையடிவாரத்தில் தார் ரோடு முடிகிற இடம் வரை அனுப்புகிறோம், அங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். உதவிக்கு ஆள் அனுப்பினால் அவர்கள் எங்களிடம் ஏறி வரவே மூன்று மணி நேரம் ஆகும். இறங்க மறுபடி மூன்று மணி நேரம். அதற்காகக் காத்திருக்க முடியாது.

கூடாரக் கழியில் போர்வையைக் கட்டி டோலி செய்தோம். தூக்க இருந்தது மூன்று பேர். ஒற்றையடிப் பாதையில், கல்லும் வேருமாக, நூறு தப்படி போவதற்குள் என் கால் தடுமாறியது. டோலி ஒரு பக்கம் இடித்துக் கட்டு நனைந்தது. வேடியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். இப்படி மூன்று மணி நேரம் முடியாது என்று மூவருக்குமே தெரிந்தது.

"கழுதையில ஏத்திடலாம் சார்" என்றார் லட்சுமணன்.

நான் ராஜாவைத்தான் கொண்டுவரச் சொன்னேன். பெரிய கழுதை, அகன்ற முதுகு. லட்சுமணன் அதைப் பிடித்து வந்தார். பத்தடி தூரத்தில் அதற்கு ரத்த வாடையும் கரடி வாடையும் போயிருக்க வேண்டும். கண் வெளுத்து, முன்னங்கால் இரண்டும் எழும்பி, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஓடும்போது விட்ட உதை லட்சுமணனின் முழங்கைக்குப் பக்கத்தில் பட்டது. மற்ற இரண்டும் அதைப் பார்த்தே மிரண்டு, இழுத்த இழுப்புக்கு வராமல் காலை ஊன்றிக்கொண்டன. கன்னியம்மா தடவிக் கொடுத்தும் நடக்கவில்லை.

செவலை மட்டும் தான் நின்ற இடத்தில் நின்றது. காதை ஒரு தடவை ஆட்டியது. அவ்வளவுதான்.

நான் செவலையைப் பார்த்தேன். அதன் முதுகில் கிடந்த புடவைத் துண்டைப் பார்த்தேன். அந்த முதுகு இரண்டு நாளைக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்த முதுகு. அன்று அதை வேப்பமரத்தடியில் விட்டிருந்தால் இன்று இங்கே இருந்திருக்காது, உண்மைதான். ஆனால் அப்போது நான் ஒரு நாள் பொறுத்து, வேறு ஊரில் கேட்டு, பழகிய நல்ல கழுதையாக ஒன்றைக் கொண்டுவந்திருப்பேன். இப்போது என்னிடம் இருந்தது நானே புண்ணாக்கிய முதுகு ஒன்றுதான். "செவலைய இட்டுனு வா" என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே வேடியப்பன் முனகிக்கொண்டிருந்தார். 

கன்னியம்மா என் முகத்தையே பார்த்தார்.

"கேளுங்க சார். அன்னிக்கி கேக்காமியே இட்டுனு வான்னு சொன்னீங்க. இன்னிக்கி வாயத் தொறந்து கேளுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதுவரை அவரை நான் வா, போ என்றுதான் பேசுவேன். அன்று, "கன்னிம்மா, செவலையக் குடுங்க. உங்களக் கேட்டுக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மனுசன் உசுரு சார். நான் இல்லன்னு சொல்வனா? ஆனா நான் சொல்றபடி ஏத்தணும். நான் நில்லுன்னா நிக்கணும். அவசரப்படுத்தக் கூடாது."

"சரிங்க."

அதற்குப் பிறகு அந்த முகாமுக்குத் தலைவர் அவர்தான். இரண்டு சாக்கில் போர்வைகளைச் சுருட்டித் திணிக்கச் சொன்னார். ஒன்றை முதுகுத் தண்டுக்கு இந்தப் பக்கம், இன்னொன்றை அந்தப் பக்கம் வைத்துக் கட்டினார். நடுவில் இருந்த இடைவெளியில் புண் எதுவும் படாமல் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். ஒரு தடவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எனக்குப் பதறியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் மேல் வேடியப்பனைத் தூக்கி உட்கார வைத்தோம். அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். அந்தப் பக்கம் லட்சுமணன் வலிக்கிற கையை மடித்துக்கொண்டு மறு கையால் இடுப்பைத் தாங்கினார். கன்னியம்மா முன்னால், செவலையின் தாடையை ஒட்டிக் கை வைத்தபடி நடந்தார். மற்ற கழுதைகளை அங்கேயே விட்டுவிட்டோம்; ராஜாவையும் சேர்த்து அவற்றைப் பிறகு வேறு காவலர்கள் போய் இறக்கிவந்தார்கள்.

அந்த இறக்கத்தில் அவர் எத்தனை தடவை நிறுத்தினார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே கொதிக்கும். வேடியப்பனின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் கண் செருகியது. அந்த நேரம் பார்த்து கன்னியம்மா நிறுத்தினார்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?" என்றேன்.

"இதுக்குக் காலு நடுங்குது, பாருங்க. இப்ப ஓட்டினா அடுத்த கல்லுல உழும். உழுந்தா ரெண்டு பேரும் போவாங்க. மூச்சு வாங்கட்டும்."

பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவர் சொன்னது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவசரத்தில் நான் கழுதையின் காலைப் பார்க்கவே இல்லை, ஆளின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றோம். வேடியப்பனின் உதட்டைத் தண்ணீரால் நனைத்தேன்.

பாதையில் படிபோல் பாறை இறங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஆளை இறக்கச் சொன்னார். முன்பக்கம் சரிகிற கனத்தில் சாக்கு நகர்ந்து புண் மேல் ஏறிவிடும் என்றார். அந்த இடத்தை மட்டும் நாங்கள் இருவரும் வேடியப்பனைக் கைகளில் ஏந்தி, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கினோம். லட்சுமணனுக்குக் கை வீங்கிவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கீழே வந்து மறுபடி ஏற்றும்போது வேடியப்பன் கண்ணைத் திறந்தார்.

"சார், அதுக்கு முதுவு வலிக்குமே" என்றார்.

"வலிக்காதபடிதான் கட்டி கீது. நீ பேசாம வா" என்றார் கன்னியம்மா.

மதியம் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். ஆம்புலன்ஸ் நின்றது. லட்சுமணன் வேடியப்பனோடு ஏறிக்கொண்டார். வேடியப்பன் பிழைத்தார். தலையிலும் தொடையிலும் தையல், இரண்டு மாதம் படுக்கை. நடையில் கொஞ்சம் சாய்வு இன்னும் இருக்கிறது. மறுபடி வேலைக்கு வந்தார். கரடியைப் பற்றிக் கேட்டால், அதற்குக் குட்டி இருந்தது, வேறென்ன செய்யும் என்பார்.

வண்டி போனதும் கன்னியம்மா ரோட்டோரத்தில் செவலையின் முதுகிலிருந்து சாக்குகளை அவிழ்த்தார். எவ்வளவு பார்த்துக் கட்டியும் ஓர் ஓரத்தில் பட்டுத்தான் இருந்தது. புண் உள்ளங்கை முழு அகலத்துக்கு ஆகியிருந்தது. அவர் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "மன்னிச்சிக்கோங்க" என்றேன். அவர் எழுந்து செவலையின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் பதிலை எதிர்பார்த்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்காது. பெயரைப் போட வேண்டாம். புண்ணைச் சுத்தம் செய்தபடி, "இது எப்படி ஆச்சு?" என்றார்.

"ஆறாத முதுவுல நான்தான் சுமை ஏத்தினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் தானா வந்துச்சின்னுதான் சார் சொல்லுவாங்க. நீங்க சொன்னதால எனக்கு வைத்தியம் பாக்கறது சுலபம்" என்றார். ஆறு வாரத்துக்குச் சுமை கூடாது, ஒன்று விட்டு ஒரு நாள் மருந்து கட்ட வேண்டும் என்றார். கட்டுவதை நானே செய்தேன். சீருடையோடு கழுதைக்கு மருந்து போடுவதைச் சந்தவாசலில் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்கு நாளில் பழகிவிட்டது, எனக்கும் அவர்களுக்கும்.

அறிக்கையில் இதை எழுதினேன். ரேஞ்சர் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். "கரடி அடிச்சதுக்கும் கழுதை முதுகுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார். கரடி அடித்ததற்குச் சம்பந்தம் இல்லைதான். அடிபட்டவரைக் கொண்டுவர முடியாமல் போயிருக்கக்கூடியதற்குச் சம்பந்தம் உண்டு என்றேன். புண்ணோடு இருந்த கழுதைக்குச் சுமை ஏற்றியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. நியாயமான மெமோ. பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். முதுகைப் பார், குளம்பைப் பார் என்று நான் மேலே சொன்னதெல்லாம் எளிது, ஒரு வாரத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அன்று என் தவறு பார்க்காதது இல்லை. பார்த்தேன், புண் இருந்தது, கை வைத்தேன், சிலிர்த்தது. கழுதையை அறிந்தவர் பக்கத்தில் நின்று வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாம் என் கையில் இருந்தது. போனில் இருந்த குரல் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவசரம் வரும்போது யாருடைய அவசரம் அது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயம் அது காட்டில் இருக்காது, ஆபீசில் இருக்கும்.

செவலையின் புண் ஆறிவிட்டது. மயிர் வெள்ளையாக முளைத்தது அந்த இடத்தில். கன்னியம்மா அதன் பிறகு அதற்குச் சுமை வைக்கவில்லை, மற்ற கழுதைகளுக்கு முன்னால் வெறும் முதுகோடு நடக்க விட்டார். அது நடந்தால் ராஜாகூட மிரளாமல் பின்னால் போகும்.

அடுத்த கோடையில் இன்னொரு முகாம். காட்டுத்தீ பார்க்கும் முகாம். நான் சந்தவாசல் போய், மூன்று கழுதை வேண்டும், நாளைக் காலை கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். கன்னியம்மா கழுதைகளுக்குத் தீனியாகக் கரும்புச் சோகையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"நாளிக்கி முடியாது சார். நேத்துதான் புளி ஏத்தினு எறங்கிச்சிங்க. குளம்பு தேஞ்சி கீது. மூணு நாளு போவட்டும்."

அன்று வேண்டாம் என்று சொல்லியும், நான் சொன்னதும் செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்த அதே பெண். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தபடி, முடியாது என்கிறார். நான் அங்கேயே நின்று ரேஞ்சருக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமைதான் கிளம்புவோம் என்றேன். அவர் சத்தம் போட்டார். போட்டு முடிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வைத்தபோது கன்னியம்மா திரும்பிப் பார்த்தார்.

"திட்டினாரா?"

"திட்டினாரு."

"சரி, உக்காருங்க. டீ போடறேன்" என்று உள்ளே போனார். அத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் டீ அது.